மேலாளர் குறை சொன்னதும் பொங்கிவிடுகிறீர்களா?

மீட்டிங்கில் மேலாளர் எல்லார் முன்னாலும் குறை சொன்னால் உடனே எதிர்த்துப் பேசிவிடுகிறேன், அப்புறம் இரவெல்லாம் தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஜூடோ பழகியபின் கொஞ்சம் மாறினேன்.

1882-இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ ஒரு கணக்குச் சொல்வார். எதிராளியின் பலம் 10, உங்களுடையது 7. எதிர்த்துத் தள்ளினால் தோற்பீர்கள். அவர் தள்ளும் திசையிலேயே பின்வாங்கினால் அவர் நிலைதடுமாறுவார். அப்போது அவர் பலம் 3 தான், உங்களுடைய 7 அப்படியே இருக்கும். இதில் முக்கியம், பின்வாங்கும்போது உங்கள் கால் தடுமாறக் கூடாது. அதனால் இது அடிபணிவது ஆகாது.

அடுத்த முறை, "ஆமாம், அறிக்கை இரண்டு நாள் தாமதம்தான். எந்தப் பகுதி முதலில் வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். தள்ளுவதற்கு எதிரே ஒன்றும் இருக்காது. பேச்சு வேலைக்குத் திரும்பிவிடும். அவர் சொல்வது பொய்யென்றால் மட்டும் தனியாகப் போய் ஆதாரத்தோடு பேசுங்கள்.

தூக்கத்துக்கு: ஜூடோவில் முதலில் கற்றுத்தருவதே விழுவதைத்தான். முகவாயை நெஞ்சோடு ஒட்டி, கையால் பாயை ஓங்கி அடித்து விழ வேண்டும். அடி தலைக்குப் போகாது. நடந்ததை அன்று மாலையே நாலு வரி எழுதிவிடுங்கள். எனக்கு அதுதான் அந்தப் பாய்.