கேளுங்கள், சொல்கிறோம்: ‘பிடி’ படுத்தும் பாடு

கேள்வி: வெளிநாட்டில் வளரும் என் பேத்தி “நான் இட்லி பிடிக்கும்” என்கிறாள். திருத்தினால், “பந்து பிடிக்க மட்டும் ‘நான்’ வரலாமா?” என்று கேட்கிறாள். என்ன சொல்லிப் புரியவைப்பது?
– திருச்சி வாசகி

பதில்: சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள். அவளிடம் இரண்டு வாக்கியங்களைச் சொல்லுங்கள். “நான் படம் பிடித்தேன்.” “எனக்குப் படம் பிடித்தது.” முதலாவதில் கேமரா கையில் இருக்கிறது. இரண்டாவதில் தியேட்டரிலிருந்து வெளியே வருகிறோம். வினை ஒன்றுதான், ‘நான்’ ‘எனக்கு’ ஆனதும் பொருளே மாறிவிட்டது.

நாமே முனைந்து செய்வதற்கு ‘நான்’ வரும்: குடத்தில் தண்ணீர் பிடித்தேன், ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன், வாடகைக்கு வீடு பிடித்தேன், பாட்டிக்குக் கால் பிடித்துவிட்டேன். நம்மைக் கேட்காமல் நமக்கு நேர்வதற்கு ‘எனக்கு’: சளி பிடித்தது, இட்லி பிடிக்கிறது. விருப்பத்தையும் சளியையும் தமிழ் ஒரே வரிசையில் உட்கார வைத்திருப்பது எங்களுக்கு மிகவும் பிடித்த விஷயம். “வந்து சேர எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது” என்பதில் விருப்பம் எதுவும் இல்லை. ஆகவே உருபோடு பக்கத்துச் சொல்லையும் பார்க்கப் பழக்குங்கள்.

இன்னொன்று. பொருளானால் “இட்லி பிடிக்கும்”, “இட்லியைப் பிடிக்கும்” இரண்டும் சரி. ஆளானால் ‘ஐ’ கட்டாயம்: “எனக்கு உன்னைப் பிடிக்கும்.” “எனக்கு நீ பிடிக்கும்” என்று யாரும் சொல்வதில்லை.

கேள்வி: ‘பிடிக்காது’, ‘பிடிக்கவில்லை’ இரண்டும் ஒன்றுதானே?
– மதுரை வாசகர்

பதில்: இல்லை. “பாகற்காய் பிடிக்காது” என்றால் என்றைக்குமே ஆகாது. “இந்தக் குழம்பு பிடிக்கவில்லை” என்றால் இன்றைக்கு வைத்தது சரியில்லை, அவ்வளவுதான். விருந்துக்குப் போன இடத்தில் “உங்கள் சமையல் பிடிக்காது” என்று வாய் தவறினால் உறவே முறியும். காய்ச்சல்காரர் “சோறு பிடிக்கவில்லை” என்றால் சமைத்தவர் வருத்தப்பட வேண்டாம், அவர் நாக்குக்கு ருசி இல்லை.

இல்லை என்பதில் மட்டுமல்ல, ஆம் என்பதிலும் இந்த வேறுபாடு உண்டு. பெண் பார்த்துவிட்டு வந்த பையன் “பெண்ணைப் பிடித்திருக்கிறது” என்றால் இப்போதுதான் மனம் இசைந்திருக்கிறது. “அந்தப் பெண்ணைப் பிடிக்கும்” என்றானானால் முன்பே பழக்கம் என்று பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கேள்வி: “பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது” என்கிறோம். பிள்ளையாரை ஏன் பிடிக்க வேண்டும் என்று பேரன் கேட்கிறான்.
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: துரத்திப் பிடிப்பதல்ல, கையால் உருவாக்குவது. பூஜைக்கு முன் மஞ்சள் தூளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் வைத்து விரல்களைக் கூட்டி அழுத்தினால் கூம்பாக நிற்கும். அதுதான் பிள்ளையார் பிடிப்பது. தண்ணீர் ஒரு சொட்டுக் கூடினாலும் சரிந்துவிடும், குறைந்தால் வெடித்து உதிரும். களிமண்ணில் தும்பிக்கை, காது எல்லாம் வைத்துச் செய்யும்போது கை பிசகினால் முகம் வேறாகிவிடும், பழமொழி அங்கிருந்து வருகிறது. பிடி கொழுக்கட்டையில் இருப்பதும் இதே ‘பிடி’தான். ஒரு கப் அரிசி ரவைக்கு இரண்டு கப் தண்ணீர் விட்டுக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிடித்தால் ஐந்து விரல் தடமும் அதில் பதியும். ஆறவிட்டுப் பிடித்தால் விண்டுபோகும். பேரனிடம் ஒரு உருண்டையைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘ஆணி துருப்பிடித்தது’, ‘ஆணியில் துரு பிடித்தது’ – எது சரி?
– சேலம் வாசகி

பதில்: இரண்டும் சரி. முதலாவதில் ‘துருப்பிடி’ ஒரே வினையாக ஒட்டிவிட்டது, எழுவாய் ஆணி. அதனால்தான் நடுவில் ‘ப்’. இரண்டாவதில் துருவே எழுவாய், அங்கே ‘ப்’ வராது. பால் அடிப்பிடிப்பதும் வைக்கோல் தீப்பிடிப்பதும் முதல் வகை.