கோயில் திருவிழா நாடகத்துக்குப் பின்திரை நாமே வரையலாமா?

கேள்வி இது: “யாங்கூனில் எங்கள் கோயில் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் போடுகிறோம். காட்டு சீன், தர்பார் சீன் இரண்டையும் வினைலில் அச்சடிப்பதா, துணியில் வரைவதா? வரைவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?”

வரையுங்கள். மியான்மரின் மௌல்மீனில் பதினாறு வயதிலிருந்து சீன் படுதா, அதாவது நாடகப் பின்திரை, வரைகிறேன். வினைல் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் விளக்கு பட்டதும் அது பளபளக்கிறது. வள்ளியின் முகத்தை விட்டுவிட்டு அந்தப் பளபளப்பில்தான் கண் போய் நிற்கும். காடாத் துணியும், வஜ்ரம் என்ற தோல், எலும்புப் பசையில் பொடிச் சாயம் கலந்த பசைச் சாயமும் ஒளியை விழுங்கிக்கொள்ளும். நடிகர் முன்னால் வந்து நிற்பார்.

துணியை 36 அங்குலக் காடாவாக வாங்கி, பட்டைகளைப் படுக்கைவாட்டில் வைத்துத் தையுங்கள். நெடுக்காகத் தைத்தால் ஒவ்வொரு தையலும் சுருங்கி, ஆகாயத்தில் கோடு விழும். படுக்கைத் தையலைத் துணியின் கனமே இழுத்துச் சமன் செய்துவிடும். தைத்ததைத் தரையிலோ சட்டத்திலோ நன்றாக இழுத்து ஆணி அடித்த பிறகுதான் பசை பூச வேண்டும். ஈரம் பட்டதும் காடா சுருங்கும்.

வஜ்ரத்தை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துக் கரையுங்கள். நேரடி நெருப்பில் வைத்தால் கருகும். பதம் பார்க்க இரண்டு விரலில் தொட்டுச் சேர்த்துப் பிரியுங்கள். லேசாகப் பிசுக்கென்று ஒட்ட வேண்டும். பசை கூடினால் காய்ந்தபின் வெடித்து உதிரும். குறைந்தால் நடிகரின் பட்டு வேட்டியெல்லாம் சாயப்பொடி. எங்கள் ஊரில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இரண்டே நாளில் பசை நாறிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் சில சொட்டுக் கிராம்புத் தைலம் விடுவோம். வஜ்ரம் கிடைக்காவிட்டால் மினுமினுப்பில்லாத எமல்ஷனில் தண்ணீர் கலந்து வேலை செய்யலாம். பசைச் சாயம் காய்ந்ததும் ஈரத்தில் இருந்ததைவிட வெகுவாக வெளுத்துவிடும். ஒவ்வொரு நிறத்தையும் துண்டுத் துணியில் பூசி, காயவைத்துப் பார்க்காமல் படுதாவில் கை வைக்காதீர்கள்.

என் முதல் காட்டு சீனை மூன்று வாரம் பகல் வெளிச்சத்தில் வரைந்தேன். இலை இலையாக, நீலம் கலந்த பச்சையில். முடித்த அன்றிரவு கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓட, மஞ்சள் பல்புகள் எரிந்தன. என் காடு மொத்தமும் கறுத்த சேறாகிவிட்டது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மாமா திட்டவில்லை. “கடைசி வரிசையில போய் உக்காந்து பாருடா தம்பி” என்றார். போய்ப் பார்த்தேன், ஓர் இலைகூடத் தெரியவில்லை. விடிவதற்குள் இருவரும் அதே பல்புகளின் கீழ் மஞ்சள்பச்சையை அகலத் தூரிகையால் கொத்துக் கொத்தாகப் போட்டோம். அதன்பின் மரம் மரமாகத் தெரிந்தது. அதனால் நீங்களும் நாடகத்தன்று எரியப்போகும் விளக்கையே போட்டுக்கொண்டு வரையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஐம்பது அடி தள்ளிப் போய்ப் பாருங்கள். தூரிகையை மூங்கிலில் கட்டி நின்றபடி வரைந்தால் கையும் தானாகப் பெரிதாக வீசும்.

தர்பார் சீனில் ஒரு தூணை மட்டும் சொல்கிறேன், மற்றவையும் அதே கணக்குதான். தச்சர் போல நூலில் கரி தடவி, இரு முனையிலும் பிடித்துச் சுண்டி நேர்கோடு விடுங்கள். தூண் முழுக்க ஒரே கல் நிறம் பூசுங்கள். விளக்கு இடப்பக்கம் என்றால் வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு நிழல். அந்த நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். கறுப்பு துணியில் ஓட்டை விழுந்தது போல இருக்கும். கருநீலமும் காவியும் கலந்தால் ஆழம் வரும். கல் நிறமும் நிழலும் சேருமிடத்தில் ஈரம் காயுமுன் வெறும் தண்ணீர்த் தூரிகையை இழுத்தால் தூண் உருண்டையாகத் தெரியும். பிறகு தூரிகையை உள்ளங்கையில் தட்டித் தட்டிக் காவியும் வெளிர்மஞ்சளும் பொட்டுப் பொட்டாகத் தெளியுங்கள், அதுதான் கல்லின் சொரசொரப்பு. கடைசியில் வெளிச்ச விளிம்பில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு, சட்டம் வைத்து.

தூண்கள் தூரத்தில் சிறுத்துக்கொண்டே போகும்படி வரைந்தால், நடிகர்களைப் படுதாவை ஒட்டி நிற்கவிடாதீர்கள். இடுப்பளவு வாசலுக்குப் பக்கத்தில் ராஜா பூதமாகிவிடுவார். அடிவானக் கோடு நடிகரின் கண் உயரத்தில் இருக்கட்டும்.

மாதிரி வேண்டுமானால் வீட்டுப் பூஜையறையைப் பாருங்கள். கோவில்பட்டி கொண்டையராஜூ சாமி படங்களால் பெயர் பெற்றவர், அவர் நாடகத் திரைகளும் வரைந்தவர். அவர் வழியில் வந்த காலண்டர்ப் படங்களில் முருகனுக்குப் பின்னால் இருக்கும் மலையும் ஏரியும் நாடகப் படுதாவின் மலையும் ஏரியும்தான். எனக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்கவில்லை.

வேலுக்கும் கிரீடத்துக்கும் தங்கப் பெயிண்டை அப்படியே அடிக்காதீர்கள், மஞ்சள் விளக்கில் தட்டையாகிவிடும். முதலில் செங்காவி, அது காய்ந்தபின் மேடுகளில் மட்டும் தங்கம்.

மேடையில் கற்பூரம் ஏற்றுவீர்கள் அல்லவா? பசை அடிக்கும் முன்பே காடாவைத் தீ தாங்கும்படி செய்துவிடுங்கள். 2 லிட்டர் வெந்நீரில் 210 கிராம் வெண்காரம் (போராக்ஸ்), 90 கிராம் போரிக் பவுடர் கரைத்து, துணியை முழுக்க நனைத்துக் காயவிடுங்கள். வேறெதுவும் கலக்காத போரிக் பவுடராகப் பார்த்து வாங்குங்கள். ஒரு துண்டை வெட்டி நெருப்பில் காட்டுங்கள். கருகலாம், ஆனால் நெருப்பை விலக்கியதும் அணைந்துவிட வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் மறுபடியும் நனையுங்கள். மழையில் நனைந்த படுதாவில் இந்த மருந்து கரைந்து போயிருக்கும். அடுத்த ஆண்டு அதையே கட்டுவதென்றால் ஓரத்தில் மறுபடியும் ஒரு துண்டு வெட்டிச் சோதித்த பிறகு கட்டுங்கள்.