பிரிவு சரியாக இருந்தால் பாதிச் சண்டை தீரும்

அயர்லாந்து வாசகர்களின் கடிதங்களுக்கு அக்காவின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் கேலிக் ஃபுட்பால் போட்டிகளைப் பற்றித்தான். மீத் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) எங்கள் ஊர் க்ளப்பில் சின்னப் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களில் நானும் ஒருத்தி. அதனால் இந்த முறை வேறு எதையும் தொடாமல் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

நர்ஸ் வேலைக்காகக் கேவனுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என் மகனைக் கேலிக் ஃபுட்பால் ஆடக் கூப்பிடுகிறார்கள். அது என்ன ஆட்டம்? 'ஃபெய்லா' என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்களே, அது என்ன?
– ஒரு வாசகி, கேவன்

தாராளமாக அனுப்புங்கள், தங்கச்சி. பந்தைக் கையிலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். கையில் வைத்துக்கொண்டு நாலு அடிக்கு மேல் ஓடக்கூடாது. அதற்குள் தரையில் ஒரு முறை தட்ட வேண்டும், இல்லை பாதத்தில் தட்டித் திரும்பப் பிடிக்க வேண்டும். ஆங்கில எழுத்து 'எச்' போல கம்பம் நிற்கும். குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் பொதுவாக ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல். ஒரு கோலுக்கு மூன்று புள்ளி. பலகையில் 2-9 என்று இருந்தால் இரண்டு கோல், ஒன்பது புள்ளி, ஆக மொத்தம் 15.

இந்த ஆட்டத்தை நடத்தும் ஜி.ஏ.ஏ. (கேலிக் அத்லெடிக் அசோசியேஷன்) சங்கம் 1884-இல் டர்லஸ் ஊரில் தொடங்கியது. எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் ஆடுவதற்குச் சம்பளம் கிடையாது. ஃபெய்லா என்பது பிள்ளைகளுக்கான தேசியத் திருவிழா. மட்டையால் பந்தை அடித்து ஆடும் ஹர்லிங்குக்கு 1971-இல் வந்தது, ஃபுட்பாலுக்கு 1982-இல். நெடுங்காலம் 14 வயதுக்கு உட்பட்டோருக்கு நடந்தது, இப்போது 15. க்ளப்புகளைப் பலத்துக்கு ஏற்ப முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று பிரித்து, முதலில் கவுண்டிக்குள் போட்டி. அதில் ஒவ்வொரு பிரிவிலும் ஜெயிக்கிற க்ளப் வெளியே போய் மற்றக் கவுண்டிக்காரர்களோடு ஆடும். கீழே வரும் கடிதங்களில் இருக்கும் மனக்கசப்பெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் ஊர்க் க்ளப் மிகச் சிறியது. மகனின் அணி கவுண்டியின் இரண்டாம் பிரிவில் ஜெயித்தது. தெருவே கொண்டாடியது. ஆனால் கவுண்டிக்கு வெளியே போய் ஆடிய எல்லா ஆட்டத்திலும் படுதோல்வி. எதிரில் வந்தவை பெரிய நகரத்து க்ளப்புகள். அவர்களும் 'இரண்டாம் பிரிவு'தான் என்றார்கள். பையன் இப்போது பயிற்சிக்கே போக மாட்டேன் என்கிறான். ஜெயித்துத் தகுதி பெற்றவர்களுக்கு இதுதான் பரிசா?
– ஒரு தாய், லீட்ரிம்

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், அம்மா. உங்கள் பையன் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டப்ளினில் 14 லட்சத்து 58 ஆயிரம் பேர். லீட்ரிமில் 35 ஆயிரத்துச் சொச்சம். டப்ளின் புறநகரில் ஒரு பெரிய க்ளப் ஒரே வயதில் மூன்று நான்கு அணிகளை இறக்கும். உங்கள் ஊரில் அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரும் வந்தால்தான் ஒரு அணி. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வகுப்புத் தம்பியைக் கூப்பிட வேண்டும். இரண்டுக்கும் 'இரண்டாம் பிரிவு' என்ற ஒரே பெயரைக் கொடுத்தால் இரண்டும் சமமாகிவிடுமா? எல்லாக் கடையிலும் 'மீடியம்' சட்டை ஒரே அளவாகவா இருக்கிறது?

யாரும் ஏமாற்றவில்லை. உங்கள் அணி முறையாக ஜெயித்தது, அவர்கள் அணியும் முறையாக ஜெயித்தது. தகுதிச் சுற்று நேர்மையாகத்தான் நடந்தது. அதற்கு அப்புறம் யாரை யாரோடு மோதவிட்டார்கள் என்பதில்தான் அநியாயம். பிள்ளைகள் போட்டியில் 'யார் போவது' என்று மாதக்கணக்கில் சண்டை போடுகிறோம். 'போனபின் எந்தப் பிரிவில் ஆடுவது' என்பதை ஒரு மாலைக் கூட்டத்தில் முடித்துவிடுகிறோம். இது தலைகீழாக இருக்க வேண்டும்.

இந்த மாதிரி ஆட்டத்தை நான் எல்லைக்கோட்டில் நின்று பார்த்திருக்கிறேன். ஸ்கோர் 5-11க்கு 0-3. அதாவது 26க்கு மூன்று. தோற்கிற அணியின் கோல்கீப்பர் ஒவ்வொரு முறையும் பந்தை எடுத்து வைத்து உதைக்கிறான், அது நடுக்களத்தைத் தாண்டுவதற்குள் இவர்களைவிட அரை அடி உயரமான எதிரணிப் பையன் ஒருவன் தாவிப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறான். இடைவேளைக்கு அப்புறம் அந்தக் கீப்பர் ஓங்கி உதைப்பதையே விட்டுவிட்டான், பக்கத்தில் நிற்கிற தடுப்பாட்டக்காரனுக்குத் தட்டிவிடுகிறான். முன்கள வீரன் ஒருவன் இடுப்பில் கைவைத்து நிற்கிறான். ஆட்டம் பாதிக்கு மேல் போய்விட்டது, அவன் கைக்குப் பந்து வரவே இல்லை. ஜெயிக்கிற பக்கத்துப் பையன்களுக்கும் அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. தப்பு செய்தாலும் கோல் விழுகிறது. அவர்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்து வேலை செய்கிற வழி, வசந்த காலத்திலேயே கவுண்டி எல்லை தாண்டி நட்பு ஆட்டங்கள் வைப்பது. கேவன், லீட்ரிம், லாங்ஃபோர்ட், ராஸ்காமன் க்ளப்புகள் ஒன்றுக்கொன்று அரை மணி, ஒரு மணி நேரப் பயணம்தான். நாலு சனிக்கிழமை ஆடினால் யாருக்கு எவ்வளவு பலம் என்று தெரிந்துவிடும். அந்த முடிவுகளையும், அந்த வயதில் க்ளப்பில் பதிந்திருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வைத்துப் பிரிவு போடட்டும். கவுண்டியில் வாங்கிய பிரிவு எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

ஃபெய்லாவின் பழைய முறையில் இன்னொன்றும் இருந்தது. போட்டி நடத்தும் கவுண்டியின் க்ளப்புகள் வெளியூர்ப் பிள்ளைகளைத் தங்கள் வீடுகளில் தங்கவைத்துச் சோறு போட்டன; அதனால் அவைகளுக்கும் ஆட இடம் உண்டு. தகுதிச் சுற்றில் ஜெயிக்காமல் உள்ளே வருகிறார்களே என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அது தப்பாகவே படவில்லை. திருவிழா நடத்துகிற ஊர்ப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதா? சரியான பிரிவில் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

உங்கள் பையனுக்கு ஒரு வார்த்தை: கவுண்டியில் வாங்கிய மெடல் அவனுடையது. அதை வெளியூர்த் தோல்வி ஒன்றும் செய்யாது. பயிற்சிக்கு இப்போது வற்புறுத்தாதீர்கள். கோச்சிடம் சொல்லி, அவனுடைய நண்பன் ஒருவனை வீட்டுக்கு வந்து கூப்பிடச் சொல்லுங்கள்.

எங்கள் க்ளப்பும் பக்கத்து ஊர்க் க்ளப்பும் சேர்ந்து ஒரே அணியாக ஆடுகிறோம். ஜெயிக்க ஆரம்பித்ததும், 'இரண்டு க்ளப்பின் கெட்டிக்காரர்களைப் பொறுக்கி ஆடுகிறீர்கள், உங்களுக்குத் தகுதியே இல்லை' என்கிறார்கள். இது நியாயமா?
– ஒரு வாசகர், மேயோ

தம்பி, உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் சேராமல் இருந்தால் ஒவ்வொரு ஊரும் தனியாக அணி இறக்கியிருக்க முடியுமா? முடியாது என்றால் வாய் திறந்து பேசுங்கள், தலை குனிய ஒன்றுமில்லை. கிராமத்தில் பிள்ளைகள் குறைகிறார்கள். சேர்ந்து ஆடாவிட்டால் அந்த வயதில் ஃபுட்பாலே இருக்காது. அதற்காகத்தான் கவுண்டி கமிட்டி இந்த அனுமதியைத் தருகிறது.

ஆனால் இரண்டு ஊரிலும் தனித்தனியே அணிக்கு ஆள் இருந்தும், நல்லவர்களை மட்டும் சேர்த்து, மீதிப் பிள்ளைகளைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தால், எதிரணி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெஞ்சில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்தாறு பேர் இருந்தால் சரி. இருபது பேர் நின்றால் அங்கே இரண்டு அணிகள் இருக்கின்றன, ஒன்றைத்தான் ஆடவிடுகிறீர்கள்.

பெரிய க்ளப்புகளுக்கும் இதே அளவுகோல்தான். முதல் அணிக்காரனைக் கீழ்ப்பிரிவில் ஆடும் இரண்டாம் அணிக்கு இறக்கிக் கோப்பை வாங்குவது எனக்குப் பிடிக்காத வேலை. போட்டி தொடங்கும் முன்னேயே முதல் அணியின் பெயர்ப் பட்டியலை வாங்கி வைத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

என் மகன் டிசம்பர் கடைசி வாரம் பிறந்தவன். அவனோடு ஆடுகிறவர்களில் சிலர் அவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவர்கள். ஒவ்வொரு முறையும் தேர்வில் கழித்துவிடுகிறார்கள். வயது வரம்பை மாற்றக் கூடாதா?
– ஒரு தந்தை, லூக்கன்

வரம்பு ஜனவரி 1. அதை ஜூலைக்கு மாற்றினால் ஜூன் மாதப் பிள்ளை அழும். தேதியை எங்கே வைத்தாலும் யாராவது ஒருவர் கடைசியில் நிற்பார்.

நீங்கள் சொல்வது உண்மையான பிரச்சினைதான். 1985-இலேயே கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்து, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பதைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு பல விளையாட்டுகளில் இதையே கண்டிருக்கிறார்கள். 13, 14 வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது தோள் அகலம், ஓட்டம், தைரியம் எல்லாவற்றிலும் தெரியும். கோச் திறமையைத் தேர்வு செய்வதாக நினைத்துக்கொண்டு பிறந்த மாதத்தைத் தேர்வு செய்கிறார்.

12 வயது வரை 'கோ கேம்ஸ்' முறையில் எல்லாப் பிள்ளைகளும் முழுசாக ஆட வேண்டும் என்பது விதி. அது நல்ல விதி. 13 வயதானதும் அந்த நினைப்பைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். எங்கள் க்ளப்பில் தேர்வு நாளன்று பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதி வைக்கிறோம். பட்டியலின் கடைசியில் நிற்பவர்கள் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று கண்ணுக்குத் தெரிந்தவுடன் கோச்சுகளின் பேச்சு மாறுகிறது. இதை உங்கள் க்ளப்பில் கேட்டுப் பாருங்கள். செலவு ஒரு பேனா.

ஐயா, அவனைப் பதினேழு வயது வரை விட்டுவிடாமல் ஆட வையுங்கள். வளர்த்தி சமமானபின், பெரியவர்களை எதிர்த்தே ஆடிப் பழகிய பிள்ளைக்குப் பந்து கையாளும் சாமர்த்தியம் கூடுதலாக இருக்கும்.

எதிரணியில் வயது கூடிய பையன் ஆடினான் என்று சந்தேகம். கேட்டால் 'குழந்தைகள் ஆட்டம்தானே' என்கிறார்கள்.
– ஒரு வாசகி, நவன்

குழந்தைகள் ஆட்டம் என்பதால்தான் கேட்க வேண்டும். உங்கள் பிள்ளையின் உடம்பின் மேல் மோதுவது அந்தப் பையன்தானே. ஆனால் மைதானத்தில் அவனைப் பார்த்து விரல் நீட்டாதீர்கள். பெரியவர்கள் எழுதிக் கொடுத்த பட்டியலுக்கு அவன் பொறுப்பல்ல. உங்கள் க்ளப் செக்ரட்டரி எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கட்டும். கெடு குறுகியது, அன்று மாலையே ஆரம்பியுங்கள். நிரூபணமானால் ஆட்டம் பறிபோகும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் பிறப்புச் சான்றிதழின் நகலை முதல் நாளே க்ளப்பில் கொடுத்துவிடுங்கள். உயரமான பிள்ளையாக இருந்தால் கண்டிப்பாக.

இதையெல்லாம் எத்தனை வருடமாகப் பேசுகிறார்கள்! ஏன் மாற்றவே மாட்டேன் என்கிறார்கள்? நம்மைப் போன்ற வெளிநாட்டுக்காரர்கள் பேசினால் கேட்பார்களா?
– ஒரு வாசகர், ஸ்லைகோ

பெரியவர்களின் போட்டியையே மாற்ற முடியாமல் திணறியவர்கள்தான். கவுண்டிகள் முதலில் தங்கள் மாகாணப் பட்டத்துக்காக ஆடுகின்றன. அல்ஸ்டர் மாகாணத்தில் ஒன்பது கவுண்டி, மன்ஸ்டரில் ஆறு. இரண்டு மாகாணப் பட்டமும் ஒரே மதிப்பு. பட்டத்துக்கான பாதை எவ்வளவு நீளம் என்பது எங்கே பிறந்தோம் என்பதைப் பொறுத்தது. 2021 அக்டோபரில் அந்த அமைப்பைத் திருத்த ஒரு தீர்மானம் வந்தது. 50.6 சதவீதம் ஆதரவு கிடைத்தது, தேவை 60. தோற்றது. அதற்கு அடுத்த ஆண்டே, 2022-இல், பலம் குறைந்த கவுண்டிகளுக்கு என்று டெய்ல்டன் கோப்பை தொடங்கியது. சமமானவர்களோடு ஆடுவதில் அவமானம் இல்லை என்று பெரியவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்கும் அதைக் கேட்பதில் என்ன தயக்கம்?

வெளிநாட்டுக்காரர் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். சந்தா கட்டிய முழு உறுப்பினருக்குக் க்ளப் ஆண்டுக் கூட்டத்தில் வாக்கு உண்டு. அங்கே நிறைவேறிய தீர்மானம் கவுண்டி மாநாட்டுக்குப் போகும், அங்கிருந்து ஜி.ஏ.ஏ.வின் தேசிய மாநாடான காங்கிரஸுக்கும் போகலாம். ஆண்டுக் கூட்டம் பெரும்பாலும் குளிர்காலத்தில் நடக்கும். தீர்மானத்தை அதற்குச் சில வாரங்கள் முன்பே எழுத்தில் கேட்பார்கள், ஆகவே செக்ரட்டரியிடம் கடைசித் தேதியை இப்போதே கேட்டு வையுங்கள். நீளமாக எழுத வேண்டாம். 'சிறுவர் போட்டிகளில் கவுண்டிக்கு வெளியே ஆடப்போகும் அணியின் பிரிவை, அந்த வயதில் பதிந்துள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையையும் அந்த ஆண்டின் நட்பு ஆட்ட முடிவுகளையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்' என்ற ஒரு வரி போதும். முன்மொழிய நீங்கள், வழிமொழிய உள்ளூர்ப் பெற்றோர் ஒருவர். லீட்ரிம் அம்மா, மேயோ தம்பி, நீங்களும் இதையே உங்கள் க்ளப்பில் கொடுங்கள். மூன்று கவுண்டியிலிருந்து ஒரே வாசகம் போனால் தூக்கிப் போடுவது கஷ்டம்.