தலைக்கு மேல் தூக்கிச் சுற்றாதீங்க!

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயில் மூழ்கிய பையனைக் கரைக்குக் கொண்டுவந்ததும் ஒருவர் தலைக்கு மேல் தூக்கிக் கிறுகிறுவென்று சுற்றினார். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது, பையனும் பிழைத்துவிட்டான். டாக்டர்கள் மட்டும் இது தப்பு என்கிறார்களே, ஏன் சார்?
(வாசகர், தேவகோட்டை)

சுற்றியதால் பிழைக்கவில்லை, சுற்றியும் பிழைத்திருக்கிறான். கொட்டியது வயிற்றில் இருந்த தண்ணீர். நுரையீரலுக்குள் போவது பெரும்பாலும் கொஞ்சம்தான், அதை யாராலும் கொட்டி எடுக்க முடியாது, எடுக்க வேண்டியதும் இல்லை. வயிற்றை அமுக்கினாலோ தலைகீழாகப் பிடித்தாலோ வாந்தி வந்து அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அதைவிட மோசம், நேரம் போவது. ஆக்சிஜன் இல்லாமல் 4 முதல் 6 நிமிடத்தில் மூளை பாதிக்கப்பட ஆரம்பித்துவிடும், அதில் பாதியைத் தூக்கிச் சுற்றுவதிலேயே தொலைத்துவிடுகிறோம்.

சரி, என்ன செய்யணும்? மல்லாக்கப் படுக்க வைத்து, தோளைத் தட்டிக் கூப்பிட்டு, மூச்சு இருக்கிறதா என்று 10 விநாடிக்குள் பார்த்துவிட வேண்டும். இடைவெளி விட்டு விட்டு ‘ஹக்’ என்று இழுப்பது மூச்சுக் கணக்கில் வராது. ஒருவர் 108க்குப் போன் போடட்டும். மூச்சு இல்லை என்றால் நீங்கள் நெற்றியை அழுத்தி, தாடையைத் தூக்கி, மூக்கை மூடிக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், நெஞ்சு ஏறுவது கண்ணுக்குத் தெரியணும். அமெரிக்க முறையில் முதலில் 2 தடவை, ஐரோப்பிய முறையில் 5. எதைச் செய்தாலும் சரிதான். மாரடைப்பில் திடீரென்று விழுந்தவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும், அதனால் நெஞ்சை மட்டும் அமுக்கினாலும் கொஞ்ச நேரம் ஓடும். மூழ்கியவருக்கு அதுவே தீர்ந்துபோய்தான் இதயம் நிற்கிறது, அதனால் இங்கே மூச்சு முதல்.

அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 தடவை அமுக்கி 2 மூச்சு, மறுபடி 30, மறுபடி 2. பெரியவர்களுக்கு 5, 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120, அதாவது நொடிக்கு இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும், அதைத் துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். வாந்தி வந்தால் மட்டும் ஒருக்களித்துத் திருப்பித் துடைத்துவிட்டுத் தொடருங்கள். எழுந்து உட்கார்ந்து “எனக்கு ஒண்ணுமில்லை” என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத்தான் வேண்டும், மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்துக்கூட வரும்.

கேள்வி: லீவுக்குப் பேரப்பிள்ளைகள் சென்னையிலிருந்து வருகிறார்கள். அங்கே நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்டவர்கள்தான். வீட்டுக்குப் பக்கத்து ஊருணியில் இறங்க விடலாமா?
(வாசகி, பள்ளத்தூர்)

தனியாக வேண்டாம் ஆச்சி. நீச்சல் குளத்தில் தரை தெரியும், கைப்பிடி இருக்கும். நம்ம ஊருணியில் படிக்கட்டில் பாசி, அடியில் சேறு, சிலதில் நடுவே கிணறே இருக்கும், மேலே நின்று பார்த்தால் தெரியாது. கண்மாய் என்றால் மண் அள்ளிய குழி வேறு. இடுப்பளவுத் தண்ணீர் என்று நடந்துகொண்டே போகிற பிள்ளை அடுத்த அடியில் காணாமல் போய்விடும்.

இன்னொன்று, மூழ்குகிறவர்கள் “காப்பாத்துங்க” என்று கத்தி, கையை ஆட்டுவார்கள் என்று நம்பிக்கொண்டு படியில் உட்கார்ந்து போன் பார்க்காதீர்கள். மூச்சு விடவே வாய் தண்ணீருக்கு மேலே வராதபோது கத்துவது எங்கே? தலை பின்னால் சாய்ந்து, கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். பார்க்க விளையாடுகிற மாதிரியே இருக்கும். சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால் உடனே பாருங்கள்.

அப்படி ஆகிவிட்டால் யாரும் குதிக்க வேண்டாம். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேராகப் போவது இப்படித்தான். படியில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்போ வேட்டியோ சேலையோ நீட்டுங்கள், எட்டவில்லை என்றால் மூடிய காலி பிளாஸ்டிக் கேனையோ குடத்தையோ கயிறு கட்டி எறியுங்கள். லீவு முடியும்வரை அப்படி ஒரு கேன், நீளக் கயிற்றோடு ஊருணிப் படியிலேயே கிடக்கட்டும்.

கேள்வி: எனக்கு நன்றாக நீந்த வரும். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறோம், வழியில் கண்ட குளத்திலும் ஆட்கள் இறங்குகிறார்கள். லைஃப்கார்ட் பயிற்சி எடுக்கலாமா?
(கல்லூரி மாணவர், காரைக்குடி)

தாராளமாக எடுங்கள் தம்பி, ஆனால் நன்றாக நீந்துவது அதில் நுழைவுத் தகுதி மட்டும்தான். உயிர்பயத்தில் இருப்பவர் உங்கள் கழுத்தைக் கட்டிப்பிடித்தால் எப்படி விடுவிப்பது (தண்ணீருக்குள் இறங்குங்கள், அவர் மேலே இருக்கத்தான் பார்ப்பார், பிடியை விட்டுவிடுவார்), முகம் மேலே இருக்கும்படி எப்படி இழுத்து வருவது, படியில் குதித்துக் கழுத்தெலும்பு அடிபட்டவரைக் கழுத்து திரும்பாமல் எப்படித் தூக்குவது, இதெல்லாம்தான் பாடம். எனக்குப் பிடித்தது கண்காணிப்புப் பயிற்சி: தன் பகுதி முழுவதையும் 10 விநாடிக்குள் ஒரு முறை பார்த்துவிட வேண்டும், ஆபத்தைக் கண்டால் 20 விநாடிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் எவ்வளவு அலுப்பான வேலை என்று தெரியும்.

கோவாவில் உள்ள தேசிய நீர்விளையாட்டு நிறுவனமும், ராஷ்ட்ரிய லைஃப் சேவிங் சொசைட்டியும் பயிற்சி தருகின்றன. அதற்கு முன்னால் செஞ்சிலுவைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ முதலுதவி வகுப்பை முடித்துவிடுங்கள். பாதயாத்திரைக்கு அதுதான் அதிகம் பயன்படும். வெயிலில் மயங்கி விழுகிறவர்களும் இருப்பார்கள் அல்லவா?

கேள்வி: பலகாரம் சுடும்போது எண்ணெய் கொட்டிவிட்டால் இட்லி மாவு தடவலாமா?
(வாசகி, கானாடுகாத்தான்)

கூடாது. பேஸ்ட், இங்க், மஞ்சள், ஐஸ் கட்டி எதுவுமே கூடாது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், வீங்குவதற்குள் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம்.

கேள்வி: வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து கொடுத்தால் நிற்குமா?
(வாசகர், புதுவயல்)

நிற்காது. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே அடங்கும், சாவி பேர் வாங்கிக்கொள்கிறது. கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள், வாயில் எதுவும் திணிக்காதீர்கள். தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108. தண்ணீருக்குள் இருக்கும்போது வந்தால் முகத்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே கரைக்குக் கொண்டுவாருங்கள். வலிப்பு உள்ளவர்கள் ஊருணிக்குத் தனியாகக் குளிக்கப் போகவே கூடாது.