குன்றை வெட்டியவர்களுக்குத் தெரியாதா?

கேள்வி: புகுஷிமாவில் நடந்தது போன்ற எதிர்பாராத விபத்துகளைத் தடுக்க, ஒரு நாடு தன் அணுமின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் எதைத் திருத்த வேண்டும்? (ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: முதலில் உங்கள் கேள்வியில் உள்ள 'எதிர்பாராத' என்ற சொல்லைத் திருத்த வேண்டும். 'எதிர்பாராத விதமாக லாரி மோதியது' என்று எந்த நிருபர் எழுதிக் கொடுத்தாலும் அந்த இரண்டு வார்த்தைகளை அடித்துவிடுவேன். பல ஆண்டுகளாக இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். பிரேக் பிடிக்காத லாரியைச் சாலைக்கு அனுப்பியது யார் என்ற கேள்வியை அவை விழுங்கிவிடுகின்றன. ஜப்பானியரிடமும் இந்தச் சொல் உண்டு: 'சோதேய்காய்'. 2011 மார்ச் 11இல் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கிய பிறகு, புகுஷிமா அணுமின் நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனம் அதற்குள்தான் ஒளிந்துகொண்டது.

எதை எதிர்பார்க்கவில்லை? உலைகள் நின்ற இடம் முன்பு 35 மீட்டர் உயரக் குன்று. கடல்நீரை ஏற்றி இறைப்பது எளிதாக வேண்டும் என்று அதை 10 மீட்டராக வெட்டி இறக்கினார்கள். 869ஆம் ஆண்டில் ஜோகன் சுனாமி அந்தப் பக்கத்துக் கடற்கரையை அழித்ததற்குப் பழைய ஏட்டில் சான்று உண்டு. வயல்களுக்கு அடியில் மணல் படிவும் உண்டு. 2004இல் நம் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்ப் அறைக்குள் சுனாமி புகுந்தது. அங்கே உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். 2008இல் டெப்கோவின் சொந்தக் கணக்கே 15.7 மீட்டர் வரை நீர் ஏறலாம் என்றது. கணக்குத் தாளில் நின்றது, சுவர் எழவில்லை. அவசர டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை அடித்தளத்திலேயே கிடந்தன. நீர் புகுந்து அவை நின்றதும், உலைகளைக் குளிர்விக்க மின்சாரம் இல்லாமல் மூன்று உலைகள் உருகின. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஊரைவிட்டுப் போனார்கள். உயரத்தில் வைத்திருந்த, காற்றால் குளிரும் ஒரே ஒரு ஜெனரேட்டர் தொடர்ந்து ஓடியதால் ஐந்தாம், ஆறாம் உலைகள் பிழைத்தன.

நாடாளுமன்ற விசாரணைக் குழு 2012இல் இதை மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றே எழுதியது. எழுதாமல் என்ன செய்யும்? உலைகளைக் கண்காணித்த 'நிசா', அணுமின்சாரத்தை வளர்க்க வேண்டிய பொருளாதார அமைச்சகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அதே ஆண்டு அதைக் கலைத்துத் தனி ஆணையம் அமைத்தார்கள். நீங்கள் கேட்ட திருத்தம் இதுதான்: உலையை மூடச் சொல்லும் அதிகாரியின் பதவி உயர்வு, உலையை ஓட்டச் சொல்லும் அமைச்சரின் கையில் இருக்கக் கூடாது.

வடக்கே ஓனாகாவா இருக்கிறது. நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்குப் புகுஷிமாவைவிட அருகில் உள்ள நிலையம். தொஹோகு மின் நிறுவனத்தின் யானோசுகே ஹிராய், ஜோகன் அலையின் கதையைச் சொந்த ஊரில் கேட்டு வளர்ந்தவர். குறைந்த உயரம் போதும் என்ற சக அதிகாரிகளிடம் வாதாடி, நிலையத்தை 14.8 மீட்டர் உயரத்தில் கட்டவைத்தார். 1986இல் இறந்துபோனார். கால் நூற்றாண்டு கழித்து ஏறத்தாழ 13 மீட்டர் அலை வந்தது. வீடிழந்த ஊர்மக்கள் நூற்றுக்கணக்கானோர் அந்த அணுமின் நிலையத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில்தான் மாதக்கணக்கில் தங்கியிருந்தார்கள்.