ஸ்டேஷன் பக்கத்து யூனிட்: ஏறுவது எதன் விலை?

சிட்னிக்குப் புதிதாக வந்திருக்கிறோம், மேற்குப் புறநகரில் ஸ்டேஷனை ஒட்டி ஒரு யூனிட் (அடுக்குமாடி வீடு) பார்த்திருக்கிறோம், மெட்ரோ வந்தால் விலை எகிறும் என்கிறாரே ஏஜென்ட், நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஏறும்தான். ஆனால் முதலில் ஏறுவது மண்ணின் விலை; யூனிட்டில் உங்கள் பங்குக்கு வரும் மண் கொஞ்சம்தான். 2024 மே முதல் படிப்படியாக 37 ஸ்டேஷன்களைச் சுற்றி 400 மீட்டருக்குள் அடுக்குமாடிக்கு நியூ சவுத் வேல்ஸ் அரசு வழிவிட்டது. உயரம் 22 மீட்டர், அதாவது ஆறு மாடி. எல்லா மாடிகளும் சேர்ந்த தளப் பரப்பு மனையைப் போல 2.5 மடங்கு வரை. மனையின் முகப்பு குறைந்தது 21 மீட்டர்.

சூட்சுமம் அந்த 21-இல் இருக்கிறது. பழைய தனி வீட்டு மனைகள் பலவற்றின் முகப்பு 15 மீட்டர்தான். ஒற்றை மனையை டெவலப்பர் சீண்ட மாட்டார். பக்கத்து வீடும் சேர்ந்தால் 30. தலா 600 சதுர மீட்டர் என்றால் 3,000 சதுர மீட்டர் தளம் எழுப்பலாம். அக்கம்பக்கத்தார் பேசிவைத்து ஒன்றாக விற்பது இதனால்தான். சேராமல் முரண்டு பிடித்தவர் வீடு இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெயில் படாமல் மாட்டிக்கொள்ளும். பிறகு அந்த ஒற்றை மனையை வாங்க ஆள் வராது.

யூனிட்டின் கதை வேறு. அதே விதி உங்கள் ஜன்னலுக்கு எதிரிலேயே புது யூனிட்டுகளைக் கொண்டுவரும். நாளை விற்கப் போனால் அவற்றோடுதான் போட்டி. சிட்னியின் மேற்கை நகர மையத்தோடு இணைக்கும் மெட்ரோ வெஸ்ட் ரயில் பாதையோ 2016-இல் அறிவித்தது, 2032-இல் ஓடவேண்டியது. அந்த எதிர்பார்ப்பில் பெரும்பகுதி இப்போது கேட்கும் விலைக்குள்ளேயே இருக்கிறது.

ஒப்பந்தத்தோடு வரும் 10.7 சான்றிதழில் (மனைக்கு என்ன விதிகள் என்று கவுன்சில் தரும் சான்று) மண்டலம் ஆர்2-வா (குறைந்த அடர்த்தி), ஆர்3-யா (நடுத்தரம்), ஆர்4-ஆ (அதிக அடர்த்தி) என்று பாருங்கள். அது உங்கள் மனையை மட்டுமே சொல்லும். எதிர் மனையில் என்ன வருகிறது என்பதை கவுன்சில் தளத்தில் கட்டட விண்ணப்பங்களைத் தேடித்தான் அறியவேண்டும். ஸ்ட்ராட்டா அறிக்கையை, அதாவது கட்டட உரிமையாளர் சங்கத்தின் பதிவேடுகளைப் பார்த்துத் தயாரிக்கும் அறிக்கையை, காசு கொடுத்தாவது வாங்குங்கள்: கூட்டக் குறிப்புகளில் நீர்க்கசிவு, விரிசல், சிறப்பு லெவி (உரிமையாளர்களிடம் கூடுதலாக வசூலிக்கும் பணம்) என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால் ஒதுங்கிவிடுங்கள். 50 சதுர மீட்டருக்குக் குறைந்த யூனிட் என்றால் சில வங்கிகள் கூடுதல் முன்பணம் கேட்கும்.

இதற்கெல்லாம் முன்னால் விசாவைப் பாருங்கள். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை, சில விலக்குகள் தவிர, பழைய வீடோ யூனிட்டோ வாங்க முடியாது. புதிதாகக் கட்டுவதை வாங்கலாம், அதற்கும் அரசு அனுமதி வேண்டும்.