சூளைக்கு முன்னால் ஒரு டப்பா வாங்குங்கள்

கேள்வி: பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவில் ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. சக்கரம் இல்லாமல் கையாலேயே களிமண் கோப்பைகள் செய்கிறேன். முதல் நாள் செய்த கோப்பைக்கு மறுநாள் கைப்பிடி வைத்தால், காய்ந்ததும் ஒட்டிய இடத்தில் விரிசல் விடுகிறது. மண் விற்பவர், சக்கரமும் சின்ன மின்சூளையும் சேர்ந்த தொகுப்பை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். அதுவரை சமையலறை ஓவனிலேயே சுடலாமாம். வாங்கலாமா? இந்தக் கோப்பைகளில் பிள்ளைகள் குடிக்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். சுடுவதற்கு முன்பே விரிசல் விட்ட கோப்பையை எந்தச் சூளையும் ஒட்டித் தராது. உங்கள் சிக்கல் ஈரத்தில் இருக்கிறது.

நீர் வெளியேற வெளியேறக் களிமண் சுருங்கும். கையால் வனையும் மண் பெரும்பாலும் காய்ந்து முடிவதற்குள் 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கிவிடும். நேற்று செய்து மேசையில் விட்ட கோப்பை ஏற்கெனவே கொஞ்சம் சுருங்கியிருக்கும். இன்று உருட்டிய கைப்பிடி இனிமேல்தான் சுருங்கப் போகிறது. இரண்டையும் ஒட்டினால், அந்த இழுவை முழுவதும் ஒட்டிய இடத்தில்தான் விழும். மண்குழம்பை எவ்வளவு தடவினாலும் அது போகாது.

மூடி இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து அடியில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி இறுகவிடுங்கள். இறுகியதும் அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். மேலே தேங்கி நிற்கக் கூடாது. அதற்குள் ஒரு சின்னப் பலகையில் வைத்த கோப்பை பல நாட்கள் அதே பதத்தில் இருக்கும். திங்கள் இரவு செய்ததை வியாழன் இரவு தொடலாம். பிளாஸ்டர் துணுக்கு மட்டும் மண்ணில் கலந்துவிடக் கூடாது. கலந்தால், சுட்ட பிறகு அந்த இடம் தெறித்துப் பெயர்ந்துவிடும்.

கைப்பிடியைக் கோப்பை செய்த அன்றே உருட்டி வளைத்து, அதே டப்பாவில் வைத்துவிடுங்கள். மறுநாள் இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், தூக்கினால் வளையக் கூடாது. அதுதான் ஒட்டுகிற பதம். ஒட்டும் இரண்டு முகங்களிலும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணின் குழம்பைத் தடவி, லேசாக அசைத்து அழுத்துங்கள்.

எல்லாவற்றையும் மெதுவாக, சமமாகக் காயவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கைப்பிடிக்கு அது பொருந்தாது. அது மெல்லியது, சுற்றிலும் காற்றுப் படுகிறது. ஒரே ஈரத்தில் ஒட்டினாலும் கோப்பைக்கு முன்னால் அது காய்ந்து இறுகிவிடும், பிறகு சுருங்கும் கோப்பையிலிருந்து பிரியும். அதனால் ஒட்டியதும் முழுக் கோப்பையையும் இன்னும் ஒரு நாள் டப்பாவிலேயே வையுங்கள். வெளியே எடுக்கும்போது கைப்பிடியை மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டால் சுற்றுங்கள். சுற்று ஒட்டிய இடத்தையும் தாண்டி ஒரு விரல் அகலம் கோப்பையின் மேல் ஏற வேண்டும், மற்ற பகுதி திறந்திருக்கட்டும். உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கட்டினால் அவிழ்த்துத் துடைத்துவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். இல்லையென்றால் அந்த இடம் கொழகொழத்துவிடும். கோப்பையின் சுவர் கைப்பிடியைவிட மெல்லியதாக இருந்தால் எல்லாம் தலைகீழ்: வாய்விளிம்பைச் சுற்றி மூடிவிட்டுக் கைப்பிடியைத் திறந்து விடுங்கள். எது முதலில் வெளிறுகிறதோ அதை மூடுங்கள்.

அப்புறம் ஓவன் விஷயம். வீட்டு ஓவனின் சூடு 250 டிகிரி செல்சியஸ் அளவோடு நின்றுவிடும். மண்ணோடு வேதிமுறையில் பிணைந்த நீர் முழுதாக விலக ஏறத்தாழ 600 டிகிரி வேண்டும். சூளையில் முதல் சூடே பொதுவாக 900 டிகிரிக்கு மேல். ஓவனில் வைத்த கோப்பை சுட்ட கோப்பையே அல்ல, காய்ந்த பச்சை மண். தண்ணீர் ஊற்றி வைத்தால் திரும்பவும் சேறாகிவிடும். மண் விற்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்துகொண்டே சொல்கிறவரிடம் சூளை வாங்காதீர்கள்.

தொகுப்பு விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. குட்டிச் சூளையின் உச்ச வெப்பம் ஒன்று, கூடவே தரும் மண் கேட்கும் வெப்பம் வேறொன்று. சூளைக்குத் தகுந்த மின்இணைப்பும், நல்ல காற்றோட்டமும், சுவரிலிருந்து போதிய இடைவெளியும் வேண்டும் என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் சொல்வார்கள்.

சுடுவதை வெளியே கொடுங்கள். ஆனால் பொருட்களைச் சேகரித்து எங்கோ அனுப்பும் இடைத்தரகரிடம் கொடுக்காதீர்கள். அவருக்குச் சூளையும் தெரியாது, உங்கள் மண்ணும் தெரியாது. சூளையை இயக்குபவரிடமே, "எத்தனை டிகிரி வரை சுடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். 1050 டிகிரிக்கான மண்ணை 1250-ல் வைத்தால் உப்பி உருகிச் சூளைத் தட்டோடு ஒட்டும், தட்டுக்கான பணமும் உங்கள் தலையில் விழும். 1250-க்கான மண்ணை 1050-ல் நிறுத்தினால், மேலே பளபளப்பாகத் தெரிந்தாலும் அடியில் நீர் கசியும். இந்த ஒரே ஒரு எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட மாட்டேன் என்கிறார்களே! எடை, நிறம், அழகான படம் எல்லாம் இருக்கிறது. சுடும் வெப்பத்தை எழுத்தில் தராதவரின் மண் உங்களுக்கு வேண்டாம்.

சரி, பிள்ளைகள் குடிக்கலாமா? கோப்பைமேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சான கிளேஸ் எந்த வகை, அது சரியாகச் சுடப்பட்டதா என்று தெரியும்வரை கூடாது. குறைந்த சூட்டில் பளிச்சென்று வரும் சில பழைய வகைகளில் ஈயம் இருக்கும். புளிப்பான பானம் அதைக் கரைத்து எடுக்கும். "உணவுக்கு ஏற்றது" என்று பாட்டிலில் ஒட்டிய சீட்டை அப்படியே நம்பாதீர்கள். தயாரிப்பாளர் சொன்ன வெப்பத்தில், பொருந்தும் மண்ணில் சுட்டால்தான் அந்த வாக்கு செல்லும். கோப்பையில் பாதிவரை வினிகர் ஊற்றி ஒரு நாள் வையுங்கள். நனைந்த பகுதி மங்கினாலோ நிறம் மாறினாலோ அதில் குடிக்கக் கூடாது. மாறாவிட்டால் ஈயம் இல்லை என்று அர்த்தமில்லை, அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். அந்தச் சோதனைகளோ தொழிற்சாலைகளை மனதில் வைத்தே அமைந்திருக்கின்றன. நான்கு கோப்பை செய்கிறவர் எங்கே போவார் என்று யாரும் யோசிப்பதில்லை. எனவே உள்பக்கத்துக்கு, ஈயம் சேர்க்காதது என்று தயாரிப்பாளர் எழுத்தில் தரும் நிறமற்ற கிளேஸை மட்டும் பூசுங்கள். வண்ணமெல்லாம் வெளிப்பக்கம், அதுவும் உதடு படும் விளிம்புக்குக் கீழே.

பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் இன்னொன்று. காய்ந்த மண்ணின் தூசியில் சிலிக்கா இருக்கிறது. தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. காய்ந்த கோப்பையை வீட்டுக்குள் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், ஈரமாக இருக்கும்போதே ஸ்பாஞ்சால் வழித்துவிடுங்கள். மேசையையும் தரையையும் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கையையும் கருவிகளையும் வாளியில் கழுவி, இரவு முழுவதும் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் வெளியே ஊற்றுங்கள். அடியில் தங்கிய மண் குழாய்க்குள் போனால் அடைத்துக்கொள்ளும்.